நான்கு முழம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் கீழவைப்பாரில் பிரகாசிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

மருத்துவச்சி செல்லக்கிளி அதன் முதுகைத் தட்டிப் பார்த்தாள். ஞானஸ்நானத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிடும்படி பிரகாசி பாயில் கிடந்தபடியே கெஞ்சினாள். முதல் குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் செத்தது என்றார்கள். ஜென்மப் பாவம் போகவில்லை என்று கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே இடம் காட்டினார்கள். அவள் கணவன் கஸ்பார்தான் புதைத்தான். அந்த இடத்தைப் பார்க்க மாட்டாமல் இரண்டு வருஷமாகப் பிரகாசி சுற்றுவழியில்தான் பூசைக்குப் போனாள்.

செல்லக்கிளி மூன்று முறை ஊற்றி, வார்த்தைகளைச் சொன்னாள். மூன்றாவது முறை குழந்தை அழுதது.

நான்காம் நாள் சாமியார் வந்தார். ஊருக்கு ஜெபம் சொல்லித் தரும் உபதேசியாரும் கூட வந்தார். ஊற்றியவள் அம்மன் கோயிலுக்குப் போகிறவள், அவளே ஞானஸ்நானம் பெறாதவள், அதனால் இது செல்லாது என்றார் உபதேசியார். சாமியார் செல்லக்கிளியிடம் என்ன சொல்லி ஊற்றினாள் என்று கேட்டார்.

"பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் குடுக்கேன்னு சொன்னேன், சாமி."

"யாரு சொல்லித் தந்தா?"

"உவதேசியாருதான். இந்த ஊருப் பொம்பளையளுக்குச் சொல்லிக் குடுக்கும்போது வெளிய நின்னு கேட்டேன். அவளுக மறந்துட்டாளுக."

ஊற்றும்போது என்ன நினைத்தாள் என்றும் கேட்டார்.

"உங்க கோயில்ல என்ன ஆகுமோ, அது இதுக்கும் ஆகட்டும்னு நெனச்சேன்."

அப்படியென்றால் செல்லும், யார் ஊற்றினாலும் செல்லும் என்றார் சாமியார். கோயிலில் எண்ணெய் பூசுவதும் நாவில் உப்பு வைப்பதும்தான் பாக்கி.

செல்லக்கிளி எழுந்திருக்கவில்லை.

"அப்ப மூத்ததுக்கும் செல்லுமா, சாமி?"

அது பிறந்தபோது பிரகாசி மயங்கிக் கிடந்தாள். செல்லக்கிளி அதற்கும் ஊற்றியிருந்தாள். தன் கையால் கொடுத்தது குற்றமாகிவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. உயிர் இருந்ததா, இதே வார்த்தைகள்தானா என்று சாமியார் கேட்டார். இரண்டுக்கும் தலையசைத்தாள்.

"ரெண்டு வருசம், மதினி," என்றாள் பிரகாசி.

"செல்லாதுன்னுல்லா நெனச்சேன்."

பிரகாசி மடியில் கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு தொறந்துச்சா?"

"ஊத்தும்போது தொறந்துச்சு."

கஸ்பார் சங்கு குளிக்கிறவன். புதைத்த இடத்தில் ஒரு சங்கைக் கவிழ்த்து வைத்திருந்தான். வேலிக்கு உள்ளே மாற்றுவதற்காகப் பிள்ளையைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொன்னான். மறுநாள் கடலுக்குப் போகவில்லை. வேலிக் கம்புகளைப் பிடுங்கி நான்கு முழம் வெளியே நட்டான். உபதேசியார் வந்து வேலி முள்ளின் மறுமுனையைப் பிடித்தார். உள்ளே வந்த மண்ணைச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்தார்.

நாற்பது நாள் கழித்து, பிரகாசி குழந்தையோடு கல்லறைத் தோட்டத்து வழியாகவே பூசைக்குப் போனாள்.