முதலாளி குனியமாட்டார்

சாம்பல் நிறப் பெட்டியை முதலாளியிடம் நீட்டியபோது உகிதா இடுப்புவரை குனிந்திருந்தார். அதனால் முதலாளியின் முகம் அவருக்குத் தெரியவில்லை; செருப்பு மட்டும்தான் தெரிந்தது. செருப்பு ஆடவில்லை. பாராட்டப்போகிறவரின் கால் கொஞ்சமாவது ஆடும் என்பது, உகிதா இத்தனை வருடங்கள் குனிந்து குனிந்து கண்டுபிடித்த உண்மை. அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்தவற்றில் இதுவரை பொய்க்காதது அது ஒன்றுதான்.

"இதுல ஒண்ணுமே இல்லையேப்பா," என்றார் முதலாளி.

உகிதா நிமிர்ந்தார். மினேயாமா பொம்மைக் கம்பெனியின் முதலாளி பெட்டியை ஒற்றைக் கையால் வாங்கி, மேஜையில் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தார். மீன்காரர் கூடைக்குள் பார்ப்பதுபோல அங்கிருந்தே ஓரக்கண்ணால் ஒரு பார்வை.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, முதலாளி. பூனை இருக்கும். மேலேர்ந்து மீன் விழும், பூனை பிடிக்கும்."

"பூனை எங்க?"

"திரையில..."

"திரை எங்க? ஈயத்தகடு மாதிரி என்னமோ பளபளன்னு தெரியுது."

"முதலாளி கொஞ்சம்... நேரா பாத்தீங்கன்னா..."

உகிதாவின் உதவியாளர் ஹிராகோ கண்ணை மூடிக்கொண்டார். பூனை ஆட்டத்தை எழுதியவர் அவர்தான்.

"என்னை நேரா உக்காரச் சொல்றியா?" முதலாளி கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். "நான் ஏன் பொம்மையை நேரா பாக்கணும்? பொம்மைதான்யா என்னைப் பாக்கணும். நிறுத்திடு."

"எதை, முதலாளி?"

"எல்லாத்தையும்."

அவ்வளவுதான். முதலாளி செய்தித்தாளை விரித்தார். கூட்டம் முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து நின்றபோது உகிதாவின் காதில் கொய்யென்று ஒரு சத்தம். வெளியே சில்வண்டுகளா, தன் தலைக்குள்ளேயா என்று அவருக்குப் புரியவில்லை. உள்ளே செருகும் அட்டையை மாற்றி மாற்றி வேறு வேறு ஆட்டம் ஆடக்கூடிய கைப்பெட்டி. அந்தக் கம்பெனி அதுவரை ஒரு பெட்டிக்கு ஒரு ஆட்டம் என்றே விற்றுவந்தது. இதற்காக உகிதா நாலு வருடம் எல்லாரிடமும் சண்டை போட்டிருந்தார். வண்ணத்திரை வேண்டும் என்று கம்பெனியே கூப்பாடு போட்டபோது, வண்ணம் வைத்தால் பேட்டரி மதியச் சாப்பாட்டுக்குள் செத்துவிடும், கறுப்பு வெள்ளையே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான். திரையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். பிளாஸ்டிக் ஓடு வார்க்க எஃகு அச்சுகூட வெட்டியாயிற்று. இப்போது அந்தத் திரையில்தான் ஒன்றுமே இல்லையாம்.

"கண்ணு," என்றார் ஹிராகோ திடீரென்று.

"என்ன கண்ணு?"

"முதலாளிக்கு வயசாயிடுச்சில்ல. கண்புரையா இருக்கும்."

உகிதாவுக்கு உயிர் வந்தது. ஒரு மனிதரின் கண் கெட்டுப்போனதில் இவ்வளவு சந்தோஷப்படுவது பாவம் என்று தோன்றியது. ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

இருவரும் எதிர்ச்சாரியில் இருந்த நூடுல்ஸ் கடைக்குப் போனார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டு, சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஹிராகோ பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி, தலையைத் தாழ்த்தி, "இந்தாங்க உகிதா சான்" என்று நீட்டினார். உகிதா இரண்டு கைகளாலும் வாங்கி, கோயிலில் திருநீறு வாங்குகிறவர்போல நெற்றிக்கு நேரே உயர்த்தி, தலை வணங்கினார். பூனை கன்னங்கரேலென்று நின்றது. மீசை முடிகூட எண்ணலாம்.

"தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது. நீ பாரு." அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

ஹிராகோவும் அதே மரியாதையோடு வாங்கிப் பார்த்தார். "மீனோட செதில்கூடத் தெரியுது. கண்புரைதான், சந்தேகமே இல்லை."

"யாராவது அவர்கிட்டச் சொல்லணும்."

"நீங்கதான் சொல்லணும். நீங்க பெரியவரு."

"நீ சொல்லு. நீ கல்யாணம் ஆகாதவன், வேலை போனாலும் ஒரு வயித்துப் பாடுதான்."

நூடுல்ஸ் வந்தது. உகிதா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். துக்கத்தில் அவருக்குப் பசிப்பதில்லை; மற்றவர் குறையைப் பேசினால் நன்றாகப் பசிக்கும்.

சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி தொமியே கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். உகிதா பெட்டியை அரிசி குக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலாளியின் கண்புரையை நடித்துக் காட்டினார். நாற்காலியில் சாய்ந்து, ஓரக்கண்ணால் பார்த்து, "பூனை எங்க?" என்று குரலை மாற்றிக் கேட்டார். நன்றாகவே நடித்தார். தொமியே சிரிக்கவில்லை.

"ஏங்க, அந்த மனுஷரைக் கிண்டல் பண்றது இருக்கட்டும். முதல்ல அதை முடுக்குங்க, நானும் பூனையைப் பாக்கறேன்."

"எதை?"

"பெட்டியை. அணைச்சே கிடக்குதே."

உகிதா அவளைப் பார்த்தார். அவள் அடுப்பு முன்னால் நின்றபடி, எண்ணெய்க் கரண்டியும் கையுமாக, கழுத்தை மட்டும் திருப்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொமியே, அது ஓடிக்கிட்டு இருக்கு."

"எங்கங்க ஓடுது? சும்மா தகடு மாதிரி இருக்கு."

உகிதா மெல்ல எழுந்தார். அடுப்புப் பக்கம் போய், அவள் தோளுக்குப் பின்னால், அவள் பார்க்கும் கோணத்தில் நின்று பார்த்தார்.

பூனை இல்லை. மீன் இல்லை. ஈயத்தகடு.

ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தார். ஈயத்தகடு. கால் நுனியில் உயர்ந்து பார்த்தார். ஈயத்தகடு. அருகில் போய்ப் பெட்டிக்கு நேராக, வழக்கம்போல மரியாதையாகத் தலை குனிந்தார். பூனை கன்னங்கரேலென்று நின்றது.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தொமியே பதறிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"என்னங்க, நெஞ்சு வலியா?"

"இல்லை... மரியாதை," என்றார் உகிதா.

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலு வருடம்! ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிக்கு நேரே உயர்த்திக் குனிந்தே பார்த்திருந்தார்கள். திரை சரியாகக் கண்ணுக்கு நேரே வந்துவிடும். அடுத்தவர் கையில் இருப்பதைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்பதால் யாருமே எட்டிப் பார்த்ததில்லை. மொத்த ஊரும் ஒரே கோணத்தில் நின்று, ஆகா தெளிவு என்று தலையாட்டியிருந்தது. யாருக்கும் குனியத் தேவையில்லாத ஒரே ஆள் முதலாளி. அவர் மட்டும்தான் உலகத்துப் பிள்ளைகள் பார்க்கப்போகிற மாதிரி அதைப் பார்த்திருந்தார். எந்தப் பிள்ளை பொம்மைக்கு வணக்கம் வைத்துவிட்டு விளையாடும்?

மறுநாள் காலை ஹிராகோவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. பெட்டியை மேஜையில் வைத்து அதைச் சுற்றி நடக்கச் சொன்னார் உகிதா. பாதி சுற்றியதும் ஹிராகோவின் முகம் வெளுத்தது. முழுச் சுற்று முடிந்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்போ கண்புரை இல்லையா?"

"அவருக்கு இல்லை. நமக்குத்தான்."

திரை செய்து தருகிற குசுஹாராவுக்கு உகிதா தொலைபேசினார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஏதோ தரையில் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

"உகிதா சான், நாங்களும் இங்க அப்படித்தான் பாத்தோம்," என்றார் குசுஹாரா. அழுதுவிடுவார் போலிருந்தது. "உங்களுக்குக் கொடுக்கறப்போ நான் ரெண்டு கையால..."

"தெரியும். நானும் ரெண்டு கையாலதான் வாங்கினேன். வேற வழி இருக்கா?"

வழி இருந்தது. திரைக்குள் இருக்கும் படிகத் திரவத்தின் அடுக்குகளை இன்னும் அதிகமாக முறுக்கிவிட்டால் பக்கவாட்டிலும் தெரியுமாம். திரை வைத்த தட்டச்சு இயந்திரம் ஒன்றுக்காக அப்படிச் செய்து, அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட திரை ஒன்று அவரிடம் கிடந்தது.

"அழகில்லைன்னா?"

"நிறம் ஒரு மாதிரி இருக்கும்."

"பச்சையா?"

"பச்சைன்னு சொல்ல முடியாது. பச்சைத் தேநீரை ரெண்டு நாள் மறந்துட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

"கொண்டாங்க. சும்மா கொண்டாங்க, கையில ஏந்திக்கிட்டு வராதீங்க."

புதிய திரை ஓட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. ஹிராகோ அதை மேஜையில் வைத்து, சுற்றி வந்து, நாற்காலிமேல் ஏறி, மேஜைக்கடியில் புகுந்து பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் பூனை இருந்தது. கொஞ்சம் காமாலை வந்த பூனை. ஆனால் முதலாளியிடம் எப்படிக் காட்டுவது? நிறுத்தச் சொன்ன வேலையை மறுபடி கொண்டுபோய் நீட்டினால் கையை நீட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"நீட்டவே வேண்டாம்," என்றார் உகிதா.

முதலாளியின் அறையில் அன்று வேறு ஒரு பொம்மையைப் பற்றிக் கூட்டம். அதிகாரிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஹிராகோவைக் கதவோரம் நிறுத்திவிட்டு உகிதா உள்ளே வந்தார். வணங்கவில்லை. நேரே மேஜைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பெட்டியை ஒற்றைக் கையால் டொக்கென்று தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

முதலாளியின் செயலாளர் கையிலிருந்த தட்டை மேஜையில் வைக்க மறந்து நின்றாள். அந்தக் கட்டிடத்தில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. உகிதாவுக்கே தன் கையை நம்ப முடியவில்லை. யாருடைய கையோ தன் தோளில் வந்து மாட்டிக்கொண்டது போலிருந்தது.

முதலாளி செய்தித்தாளை மெல்ல இறக்கினார்.

"உகிதா. உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன், முதலாளி."

"அப்போ இது என்ன?"

முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி கிழிக்கப்போகிற பார்வையோடு அவரைப் பார்த்தார். கத்த வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் ஒரு கணம் ஓரமாய் விலகியது. வாய் திறந்தபடியே நின்றது.

"யோவ்," என்றார். "மீன் விழுது."

அவர் விரல் பெட்டியைச் சுட்டியது.

"மீன் விழுதுய்யா! பூனை பாட்டுக்குச் சும்மா நிக்குது! என்ன பூனை இது, உன்னை மாதிரியே இருக்கு!" பெட்டியை வெடுக்கென்று எடுத்தார். "எதை அமுக்கணும்?"

"இடது கட்டைவிரல், முதலாளி," என்றார் ஹிராகோ கதவோரத்திலிருந்து.

முதலாளி சாய்ந்தே விளையாடினார். பெட்டியைத் தொப்பைமேல் வைத்து விளையாடினார். மூன்று மீன் தவறியதும் செயலாளர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத பெண், பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "வலது பக்கம், வலது பக்கம்!" என்று கத்திவிட்டாள். கத்தியதும் அதிர்ந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி அதைக் கவனிக்கவேயில்லை. வலது பக்கம் போய்விட்டார்.

வரிசையாக நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டினார்கள். அநாகரிகம்தான். உகிதா சுவரோரம் நின்று அந்தக் கழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்தார். நல்லவேளை, அந்த ஊரில் குனிவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குனிந்த இடத்திலிருந்து முதலாளியின் செருப்பு தெரிந்தது.

கால் ஆடிக்கொண்டிருந்தது.

"நிறம் கண்ராவியா இருக்கு," என்றார் முதலாளி தலையைத் தூக்காமல். "அச்சை எல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லை, முதலாளி."

"போடாதீங்க."

பெட்டியைத் திருப்பித் தர முதலாளிக்கு மனமே வரவில்லை. கடைசியில் பேட்டரி தீர்ந்துபோனதால்தான் தந்தார், அதுவும் ஒற்றைக் கையால். உகிதா அதை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிக்கு நேரே உயர்த்தி, இடுப்புவரை குனிந்தார். இந்தப் பழக்கத்தை மட்டும் முறுக்கித் திருத்த எந்தத் தொழிற்சாலையிலும் வழி இல்லை.