கோமளாவின் நாலு சக்கரம்

இருபத்தோரு வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள் கோமளா. நாற்பத்தேழாவது வயதில், ஒரு ஆடி மாதத்தில் வந்த காய்ச்சல், காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனது. தலைசுற்றல் மூன்று மாதத்தில் நின்றது. தரைதான் நிற்கவில்லை. நடந்தால் பரிசலில் நடப்பதுபோல் இருந்தது. ஸ்கூட்டியில் ஏறினால் இடப்பக்கம் சாய்ந்தாள். "உக்காந்துட்டு செய்யற எந்த வேலையும் செய்யலாம்" என்றார் டாக்டர். உட்காருவது ஒன்றுதான் அவளுக்கு ஜென்மத்தில் வராதது.

கோவை சுந்தராபுரத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை, மறுபடி ஹால் என்று சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். கைபட்டுப் பட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு விழுந்தது. டி.வி. போட்டால் ஐந்து நிமிஷத்தில் அணைப்பாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷ்ரவ்யா போனில் கூப்பிட்டால், பேசி முடிப்பதற்குள் "சரி வெச்சுடறேன்" என்பாள். வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கூப்பிடுவாள்.

கணவன் சசிதருக்குக் குறிச்சியில் பம்ப் பாகங்கள் கடைசல் பிடிக்கும் சின்னப் பட்டறை. இவள் நடையைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பழைய சைக்கிள்களை வாங்கி, மூன்று சக்கரத்தில் ஒன்று செய்தான். பட்டறை வாசல் திருப்பத்திலேயே அது கவிழ்ந்தது. முழங்கை சிராய்த்துக் கீழே கிடந்தவள் சிரித்தாள். அவள் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "மூணு பத்தாதுங்க, நாலா போடுங்க" என்றாள்.

முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், நடுவில் பழைய வேன் சீட்டு, காலை நீட்டி மிதிக்கப் பெடல். மூன்று வாரத்தில் நாலு சக்கர வண்டி தயாரானது. முதல் நாள் குறிச்சிக் குளத்தைச் சுற்றி வந்தாள். அடுத்த வாரம் மதுக்கரை போய் வந்தாள். மிதிக்கும்போது தரை ஆடவில்லை. நிறுத்தி இறங்கினால்தான் ஆடியது. அதனால் நிறுத்தவே பிடிக்கவில்லை.

நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி. "ஏனுங்க, இது என்ன வண்டி?" இளநீர்க்காரர் மிதிகாரு என்றார். சிக்னலில் நின்ற கல்லூரிப் பெண்கள் கோ-கார்ட் என்றார்கள். கூட வேலை பார்த்த தமிழம்மா மதிவதனி, ஈருருளி, மூவுருளி, அப்படியென்றால் இது நாலுருளி என்று வாட்ஸப்பில் தீர்ப்புச் சொன்னாள். ஷ்ரவ்யா இணையத்தில் தேடி, "வெளிநாட்டுல குவாட்ரிசைக்கிள்னு சொல்றாங்கம்மா. ஆனா நம்ம சட்டத்துல அந்தப் பேரு இன்ஜின் வெச்ச குட்டி வண்டிக்குப் போயிருச்சு" என்றாள். கோமளா எதையும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. போய்க்கொண்டே இருந்தால் போதும், பேர் எதற்கு?

குடியிருப்போர் சங்கத்துக்குப் பேர் தேவைப்பட்டது. செயலாளர் கோவிந்தராஜுலு பார்க்கிங் ரிஜிஸ்டரோடு வந்தார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. கார்னு எழுதுனா ஆர்.சி. நம்பர் வேணும். சைக்கிள்னு எழுதுனா சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கோணும். அதுல உங்க வண்டி நொழையாது. இத நான் என்னன்னு எழுதறது?"

"வண்டின்னு எழுதுங்க."

"வண்டின்னு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டமே இல்லீங்களே."

"அப்ப ஒண்ணு புதுசா கோடு போடுங்க."

கோவிந்தராஜுலு சிரித்தார், கோடு போடவில்லை. ஒரு வாரம் வண்டி இடம் மாறி மாறி நின்றது. தினமும் யாராவது காலிங் பெல் அடித்து எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்து இறங்கிப் போய் எடுத்தாள். அப்புறம் ஒருநாள் சசிதர் வந்து, "பேசிட்டேன் கோமு. ராம்ப்புக்குப் பக்கத்துல இருக்கற எடம் நமக்குத்தான்" என்றான். எப்படிக் கொடுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. பிரேக் கட்டை மாற்றுகிறேன் என்று அன்று மாலை வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தான். சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தினான்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் பொள்ளாச்சி ரோட்டில் கிளம்பினாள். கிணத்துக்கடவு வரை போய்ப் பார்க்கவேண்டும் என்று பத்து நாளாக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பதினாறு, பதினேழு கிலோமீட்டர்.

ரோடு வழக்கம்போல் இல்லை. எப்போதும் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும் பஸ்கள் அன்று அடிக்கவில்லை. லாரிகள் நன்றாக ஒதுங்கிப் போயின. ஈச்சனாரியில் பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "தள்ளி உடட்டுங்களா அக்கா?" என்றார். வேண்டாம் என்றதும், கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்குக் கும்பிட்டார் என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. ரோட்டோரப் பஞ்சர் கடையில் ஒதுக்கினாள். கடைக்காரர் ஷாநவாஸுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டர், இரண்டு துணைச் சக்கரங்களோடு நின்றது. அவர் கட்டையை ஊன்றி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ட்யூபைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தன பர்சன்ட்டுங்க?"

"எதுல பர்சன்ட்டு?"

"சர்டிபிகேட்லதானுங்க. எனக்கு அறுவது."

"எனக்கு எந்த சர்டிபிகேட்டும் இல்லீங்களே."

"பின்னாடி எழுதியிருக்குதுங்களே."

கோமளா சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நீலத் தகடு. வெள்ளைப் பெயிண்டில், சசிதரின் குண்டு குண்டான எழுத்தில், 'மாற்றுத்திறனாளி வாகனம்'. ராம்ப்புக்குப் பக்கத்து இடம் எப்படி வந்தது என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. காது மடல் சுட்டது. வீட்டுச் சாவியை எடுத்து எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

ஷாநவாஸ் வேலையை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, அந்தப் பேரு அவ்வளவு கேவலமா?"

அவள் கை நின்றது. அவரைப் பார்க்க முடியவில்லை. அவர் ஸ்கூட்டரின் பின்னாலும் அதே வார்த்தைதான் இருந்தது.

"அய்யோ, அப்படி இல்லீங்க. என்கிட்ட கேக்காம எழுதிப்போட்டாரு. என் வீட்டுக்காரர்."

ஷாநவாஸ் கொஞ்ச நேரம் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "அது தப்புதானுங்க. என் வண்டில நானேதான் எழுதுனேன். எழுதறதுக்கு ஆறு வருசமாச்சு." பஞ்சரை ஒட்டி முடித்து நிமிர்ந்தவர், "சாவில சுரண்டாதீங்க, தகடு துருப்புடிச்சுக்கும்" என்றார்.

அவள் கிணத்துக்கடவுக்குப் போனாள். திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியும் திரும்பவில்லை. மிதிக்க மிதிக்க ஆத்திரம் குறையும் என்று நினைத்தாள். தொடை கடுத்ததே தவிர ஆத்திரம் குறையவில்லை. ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தி, போனை எடுத்தாள். சசிதரின் அழைப்பு ஒன்பது. அவள் இருக்கும் இடத்தை மட்டும் அனுப்பினாள்.

முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சட்டையில் கிரீஸ். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற இருவரும் அன்று பேக்கரி வாசலில் தமிழில்தான் சண்டை போட்டார்கள்.

"இவ்வளவு தூரம் யாராச்சும் வருவாங்களா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா? பின்னாடி எழுதறப்ப ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சசிதர் சாவிக் கீறலைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"கோவிந்தராஜுலு ரிஜிஸ்டர்ல வேற கட்டம் இல்லைன்னுட்டாரு. இந்தப் பேர்ல மட்டும் ஒரு எடம் காலியா கெடந்துச்சு."

"எடத்துக்காகவா?"

"எடத்துக்கு மட்டும் இல்ல கோமு." அவன் குரல் தழைந்தது. "நீ ரோட்டுக்குப் போனா என்னால லேத்துல நிக்க முடியல. போன வாரம் ஒரு பஸ் உன்ன ஒரசற மாதிரி போச்சுன்னு நீயே சொன்ன. அன்னிக்கு ரெண்டு பீஸ் கெடுத்தேன். இதப் பாத்தா லாரிக்காரன் ஒதுங்குவான்னு நெனச்சேன்."

"ஒதுங்குனாங்க. எல்லாரும் நல்லாவே ஒதுங்குனாங்க." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் என்னன்னு எனக்கே இன்னும் தெரியலீங்க. தெனமும் காலைல அதத்தான் யோசிச்சுட்டு மிதிக்கறேன். அதுக்குள்ள நீங்க எழுதிட்டீங்க."

அவன் கடைக்குள் போனான். இரண்டு டீ வாங்கிவந்தான். அவள் டீயை நின்றபடியே குடித்தாள், ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு.

"டாக்டர்கிட்டப் போறேன்" என்றாள் கடைசியில். "சர்டிபிகேட் குடுப்பாங்களான்னு கேக்கறேன். குடுத்தா, வேணும்னு தோணுனா, நானே எழுதிக்கறேன். அதுவரைக்கும் அந்த எடம் எனக்கு வேண்டாம். வண்டி பட்டறைலயே நிக்கட்டும்."

"பட்டறை வரைக்கும் எப்படி வருவ? ஒரு கிலோமீட்டர்."

"நடந்து வருவேன்."

திரும்பும்போது அவன் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக அவள் பின்னாலேயே ஓட்டிவந்தான். மலுமிச்சம்பட்டி வரை பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் நிறுத்தி, "முன்னாடி போங்க" என்றாள். அவன் தயங்கினான். "போங்கன்னா!" என்றாள் விசில் ஊதுகிற குரலில். அவன் போனான். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டேதான் போனான், ஆனாலும் போய்விட்டான். அன்று மாலையே தகட்டைக் கழற்றித் தின்னர் போட்டுத் துடைத்து, வெறும் நீலமாக மாட்டினான். சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு ஒட்டலாமா என்று இந்த முறை கேட்டான். ஒட்டச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை அவள் பட்டறைக்கு நடந்தாள். காம்பவுண்டுச் சுவர், அப்புறம் மளிகைக்கடை ஷட்டர், அப்புறம் பிடிக்க எதுவுமே இல்லாத நாற்பதடி. அங்கே நின்றாள். தரை ஆடியது. எதிரே வந்த ஒரு பெண் கை நீட்டினாள். கோமளா ஒரு கணம் யோசித்து, அந்தக் கையைப் பிடித்து நாற்பதடியையும் கடந்து, "தேங்க்ஸ்ங்க" என்றாள். பட்டறைக்குப் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. முதுகெல்லாம் வேர்வை.

லேத்தில் நின்ற வேலையாள் நரசிம்மலு மிஷினை நிறுத்தி, "எங்கீங்க மேடம், இன்னிக்கும் கிணத்துக்கடவா?" என்றார்.

"தெரியலீங்க. பல்லடம் பக்கம் ரோடு எப்படி இருக்கும்?"

"பல்லடமா? ரொம்ப தூரமாச்சுங்களே!"

சசிதர் வாயைத் திறந்தான். பிறகு தண்ணீர் பாட்டிலை நிரப்பி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பெடலில் வைத்தாள். தரை நின்றது. பல்லடத்துக்கு வழியான சிங்காநல்லூர் ரோட்டில் திரும்பினாள்.