மாலை போட்ட உடம்பு

"நாலு சொட்டு போதும்டா, ஒதடு நனைஞ்சா போதும்" என்றாள் ஜெயம்மா அத்தை.

வெங்கடேசன் டம்ளரைச் சாய்த்தான். பால், அவன் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் வாய்க்குள் போகாமல் உதட்டோரமாக வழிந்து, தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை நனைத்தது. அத்தை அதை முந்தானையால் துடைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

"தண்ணி தண்ணின்னு கேட்டுகினே இருந்திருக்காரு எங்கண்ணன். பாத்துக்க வந்தவ பக்கத்துலயே நின்னுகினு இருந்திருக்கா. ஒரு வாய் குடுக்க மனசு வர்ல அவளுக்கு!"

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. வாசல் குழாயடியில் ருக்ஸார் தோள்பையைக் கழற்றாமல் நின்றிருந்தாள். அரக்கோணத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சத்தாரின் மகள். நர்சிங் படித்தவள். நைனாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து தினமும் காலை ரயிலில் திருத்தணிக்கு வந்து அவரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். இப்போது உட்காரவும் முடியாமல், போகவும் மனசில்லாமல் நின்றிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பங்காரு மாமா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வெங்கடேசன் அருகே வந்தார். அவர் மனைவியும் படுத்த படுக்கைதான்.

"ஏம்பா, அந்தப் பொண்ணத்தானே எங்க வூட்டுக்கும் பேசி வெச்சிருக்கேன். நெசமாவே தண்ணி குடுக்கலியா?"

பதில் வெங்கடேசனிடம் இருந்தது. நான்தான் குடுக்க வேணாம்னு சொன்னேன். அவ்வளவுதான். உரக்கடையில் நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நா எழவில்லை. நன்றாகவே எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைக் குனிந்து தூண்டிவிட்டான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா" என்றான்.

பங்காரு மாமா ருக்ஸாரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு அடுத்த வீட்டு வேலை போய்விட்டது தெரிந்தது.

வந்த புதிதில் அவள் எல்லாவற்றுக்கும் பயந்தாள். ஆஸ்பத்திரி என்றால் கேட்க நாலு பேர் இருப்பார்கள். இது முருகன் படமும் விபூதித் தட்டும் இருக்கிற வீடு. எந்தத் துண்டைத் தொடலாம், பூஜை அறையைத் தாண்டிப் போகலாமா என்று வெங்கடேசனின் மனைவி பிரேமாவின் பின்னாலேயே சுற்றுவாள். அந்தப் பயத்தைப் போக்கியது நைனாதான். பாதி வாய் கோணியிருந்தும் அதிகாரம் குறையாத மனுஷன். ஒரு நாள் விபூதித் தட்டைக் காட்டி, "பூசு" என்றார்.

"நானாங்க?"

"ஒன் கைக்கு என்னா கொற?"

அவள் ஒரு விரலால் பொட்டு வைத்தாற்போல வைக்க, நைனா முகத்தைச் சுளித்து, மூணு விரலால் இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் வீடே அவள் ராஜ்ஜியம். அவளும் அவரை நைனா என்றே கூப்பிட்டாள். "அண்ணா, தலைய தூக்காம தண்ணி குடுக்காதீங்க, பொறையேறிடும்" என்று வெங்கடேசனையே அதட்டுவாள். இடது கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்து, தலையைப் பூப்போலத் தூக்கி, மறு கையால் ஸ்பூனில் ஊட்டுவாள். வேறு யார் கொடுத்தாலும் நைனாவுக்கு இருமல் வரும்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் பூக்காவடி எடுக்கிறவர் நைனா. படுத்த நிலையிலும் பிடிவாதம் விடவில்லை. வெங்கடேசன்தான் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டான். திருவிழாவுக்கென்று நகரியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். ருக்ஸார் தண்ணீர் ஊட்டுவதைப் பார்த்ததும் வெங்கடேசனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மாலை போட்ட ஒடம்புடா அது. அவ கையால தண்ணியா?"

வெங்கடேசனுக்கு அப்படியெல்லாம் எதுவும் கிடையாது. சத்தார் கடையில் வண்டியை விட்டால், அவர் வாங்கித் தரும் டீயை அதே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறவன்தான். ஆனால் வீட்டில் சத்தம் வரக் கூடாது என்றால் எதையும் விட்டுக்கொடுத்துவிடுவான். விட்டுக்கொடுப்பது தன்னுடையதாக இல்லாதபோது அது இன்னும் சுலபமாக இருந்தது. மறுநாள் காலையில், ருக்ஸார் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்.

"தப்பா எடுத்துக்காதம்மா. கிருத்திகை முடியற வரைக்கும் தண்ணி, விபூதி ரெண்டும் நாங்களே பாத்துக்கறோம். அத்தைக்காகத்தான்."

"ஆங், சரிங்க சார்" என்றாள்.

அதுவரை அவன் அவளுக்கு அண்ணன். 'சார்' காதில் விழுந்தது. விழாத மாதிரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு கடைக்குப் போனான்.

அதன் பிறகு அவள் கை எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. புரட்டிப் படுக்கவைக்கட்டுங்களா? மாலை மேல கை படுதே, பரவால்லீங்களா? நைனா ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் நேரம் வந்தால் பிரேமா ஊட்டுவாள், அவர் இருமுவார், ருக்ஸார் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பாள். அதையும் வெங்கடேசன் பார்த்தான். கிருத்திகை முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

இன்று காலை நைனாவுக்குத் துணையாக ருக்ஸாரை மட்டும் விட்டுவிட்டு, அவர் காவடியைத் தான் சுமந்துகொண்டு, பிரேமாவும் அத்தையும் பின்னால் வர, மலை ஏறினான். படியெல்லாம் மஞ்சள் துணி, அரோகரா சத்தம். சட்டைப் பையில் போன் அடித்தது தெரியவே இல்லை. இறங்கும்போதுதான் எடுத்துப் பார்த்தான். வரிசையாக ருக்ஸார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அடித்தது.

"சார், நைனா போய்ட்டாருங்க."

வீட்டுக்கு ஓடி வந்தபோது வாசலில் நின்று அவனிடம் மட்டும் சொன்னாள். "தண்ணி கேட்டாருங்க. தலைய தூக்கிட்டேன். ஸ்பூன் ஒதட்டுகிட்ட போயிடுச்சு. அப்பதான் மாலைய பாத்தேன். நீங்க சொன்னீங்களேன்னு… அவரு விரதத்த நான் கெடுத்துடக் கூடாதுன்னு பயந்துட்டேங்க. போன் பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு தெருவுக்கு ஓடினேன். பூ வித்துகினு இருந்த அம்மா ஒருத்தங்கள கைய புடிச்சி இழுத்துகினு வந்தேன். அவங்க ஸ்பூன எடுக்கறதுக்குள்ள…" அந்தப் பூக்கார அம்மா அதற்குள் அத்தையிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஸ்பூன் கட்டில் விளிம்பில் கிடந்தது. அதை அவன் எடுத்து அலமாரிக்குள் வைத்தான். யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் வைத்தான். அது நினைவுக்கு வந்ததும் அலமாரிப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

குளிப்பாட்ட நேரமாயிற்று என்று குரல் கொடுத்தார்கள்.

"மொதல்ல மாலைய கழட்டுங்க" என்றாள் அத்தை. "அறுக்கக் கூடாது. தலை வழியாத்தான் எடுக்கணும்."

வெங்கடேசன் முயன்றான். கழுத்து விறைத்துவிட்டிருந்தது. தூக்கினால் தலை ஒரு பக்கமாகப் போயிற்று. மணிகள் காதிலும் தாடைக் கட்டிலும் சிக்கின. பங்காரு மாமா மாலையை மேலே பிடித்துக்கொள்ள, இன்னொரு தடவை பார்த்தான். நைனாவின் தலை அவன் கையிலிருந்து நழுவித் தலையணையில் மோதியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அழுகை எழுந்து அடங்கியது.

"அந்தப் பொண்ணக் கூப்புடுங்களேன்" என்றாள் பிரேமா மெதுவாக. "அவளுக்குத்தான் கைப்பழக்கம்."

அத்தை நகர்ந்து இடம் கொடுத்தாள். இப்போது அவளுக்கும் ஆள் தேவைப்பட்டது.

"ருக்ஸார், கொஞ்சம் வாம்மா."

அவள் பையைக் குழாயடியில் வைத்தாள். கையை முழங்கை வரை கழுவிக்கொண்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு வழி விட, உள்ளே வந்து நைனாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள். இடது கை பழக்கத்தில் பிடரியை நோக்கிப் போய், தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

நிமிர்ந்து வெங்கடேசனைப் பார்த்தாள். குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாத்திரை எப்போது கொடுக்கட்டும் என்று கேட்கிற அதே குரல்.

"மாலை இருக்குதுங்களே. நான் தொடலாங்களா சார்?"

மாலையின் நுனியைப் பிடித்திருந்த பங்காரு மாமா அவளைப் பார்த்தார், பிறகு வெங்கடேசனைப் பார்த்தார், பார்த்தபடியே இருந்தார். அத்தை விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே இன்னொரு காவடிக் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு மலையைப் பார்த்துப் போயிற்று. வெங்கடேசன் உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். ருக்ஸாரின் கழுவிய கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நைனாவின் தலையணையில் விழுந்தது. அவள் அவசரமாகக் கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு, அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.