ஓட்டை இல்லாத பாத்ரூம்

அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். டைல்ஸ் மேஸ்திரியிடம் அவர் மச்சினன் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுவதற்கு முன் கைமாற்றாக வாங்கியது. "ஆறே மாசம் மாமா" என்றான். ஆறு மாதம் போயிற்று, ஒன்றரை வருஷமும் போயிற்று, பணம் வரவில்லை. அதைவிட மோசம், போன் வருவதும் நின்றுவிட்டது. அக்கா கூப்பிட்டாலும் எடுக்கமாட்டான். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருப்பார், பேச்சு எங்கே போய் நிற்குமோ என்ற பயம். தாய் தகப்பன் இல்லாமல் அவள் கையால் சோறு தின்று வளர்ந்த ஒரே தம்பி. மணி அடித்து ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்துவிட்டு, "வேலையா இருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் தானாகவே கூப்பிட்டான். "அக்கா, நீயும் மாமாவும் கிளம்பி வாங்க. நான் வேலை பாக்குற ஹோட்டல் கடற்கரையிலதான் இருக்கு. நாலு நாள் தங்குங்க. ரூம் செலவு என்னோடது."

அவளிடம் சீட்டு எடுத்த பணம் இருந்தது. டிக்கெட்டுக்கு அது போயிற்று.

மேஸ்திரி சம்மதித்தது கடலுக்காக இல்லை. நேரில் போய்ப் பிடித்தால் பயல் நழுவ முடியாது என்பதற்காக. அது அவளுக்கும் தெரியும். விமானத்தில் அவர் பெல்ட்டை மாட்டி, எழுந்து போக வழியில்லை என்று ஆன பிறகு ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. அங்க போயி பணப் பேச்சை எடுத்தீங்க, அவன் மறுபடி போனே எடுக்கமாட்டான். இந்தத் தடவை விட்டா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது."

"நான் என்ன கழுத்துல துண்டைப் போட்டா கேக்கப்போறேன்? தன்மையாக் கேக்குறேன்."

"தன்மையாவும் வேண்டாம்."

"அப்ப நான் எதுக்குடி வர்றேன்?"

"கடல் பாக்க."

மலிவான ஓட்டல்தான். லிஃப்டில் ஆள் ஏறினால் பெட்டி ஏறாது, பெட்டி ஏறினால் ஆள் ஏறமுடியாது. அறையில் ஒருவர் நடக்கவேண்டுமானால் மற்றவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே ஒரு முழம் கடல்.

"கடல் தெரியுதா மாமா?" இஸ்திரி போட்ட சட்டையில் மச்சினன் பளிச்சென்று நின்றான்.

"தெரியுது மாப்ள. கண்ணாடி போட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

மனைவி அவர் இடுப்பில் கிள்ளினாள்.

"இங்க உனக்கு என்ன வேலை?"

"ஆபீஸ்லதான் மாமா. எல்லாத்தையும் மேல்பார்வை பாக்குறது."

மேல்பார்வைக்காரனாம்! அப்படியானால் சம்பளம் நன்றாகத்தானே வரும்? வந்தும் தரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் கைகோத்துக்கொண்டு அலையில் நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் அவள் ஐயோ ஐயோ என்று கத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். மேஸ்திரி மணலில் உட்கார்ந்து மூன்று ஜோடிச் செருப்புக்குக் காவல் இருந்தபடி வட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வினை வந்தது. அறையைச் சுத்தம் செய்ய ஆள் வரும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"நாம போன கக்கூஸை இன்னொருத்தர் வந்து கழுவுறதா? உங்க அக்கா இவ்வளவுதானான்னு என் தம்பியை இல்ல பேசுவாங்க!"

குப்பைக்கூடையைக் காலி செய்து, அதில் ஷாம்பூவைப் பிழிந்து, தண்ணீர் பிடித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டில் கழுவுவதுபோலவே சுவரில் ஆரம்பித்துத் தரைவரை வாரி வாரி இறைத்தாள். ஏழெட்டுக் கூடை இருக்கும்.

"என்னங்க, தண்ணி போகமாட்டேங்குது. ஓட்டை எங்க இருக்கு?"

மேஸ்திரி எட்டிப்பார்த்தார். ஓட்டையே இல்லை. திரைக்குப் பின்னால் தொட்டிக்குள் நின்று குளிக்கவேண்டும், தரையைத் துணியால் துடைக்கவேண்டும், அப்படிக் கட்டியிருந்தார்கள். தரை பலகை மாதிரி மட்டமாகக் கிடந்தது. முப்பது வருஷமாக யார் வீட்டுப் பாத்ரூமுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் தண்ணீர் ஓடும் வாட்டத்தைத்தான் தேடும். கல்யாணத்துக்குப் போன இடத்தில்கூட அப்படித்தான். இங்கே இரண்டு தடவை குளித்தும் குனிந்து பார்க்கவில்லை. மண்டை முழுக்க வட்டிக் கணக்கு.

தண்ணீர் நிலைப்படியைத் தாண்டியது. கம்பளம் குடித்தவரை குடித்தது. மீதி கீழ் அறையின் சீலிங்கில் இறங்கியது.

கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு ஓடிவந்தான் மச்சினன். நீலச் சீருடை, கையில் ரப்பர் உறை, பின்னால் துடைப்பமும் பிரஷும் அழுக்குத் துணியும் ஏற்றிய தள்ளுவண்டி.

"தம்பி... சுத்தம் பண்ண வர்ற ஆளு நீதானாடா?"

"காலைத் தூக்குக்கா" என்றான், நிமிராமல்.

கண்ணாடி போட்ட ஓட்டல் மேனேஜர் பின்னாலேயே வந்தார். சத்தம் போடாமல் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார். கம்பளத்தைக் காட்டினார், கீழே காட்டினார், கடைசியில் அவர் விரல் மச்சினனின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. மச்சினன் தலையை மட்டும் ஆட்டினான். அவர் போனார்.

"என்னடா சொல்றாரு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஈரத்துல வழுக்கிறப்போகுது, பாத்து நடங்கன்னு சொல்றாரு."

மேஸ்திரிக்கு அந்தப் பாஷை தெரியவேண்டியிருக்கவில்லை. ஒரு டைல் உடைந்ததற்கு எத்தனை காண்ட்ராக்டர் அவர் நெஞ்சுக்கு நேரே அந்த விரலை நீட்டியிருக்கிறார்கள்! அவரும் இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒண்ணும் இல்ல என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று பேரும் மண்டிபோட்டுத் துண்டால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தார்கள்.

"எவ்வளவு பிடிக்கிறான்?" என்றார் மேஸ்திரி.

"மாமா, விடுங்க..."

"எவ்வளவு மாப்ள?"

"ஒரு மாசச் சம்பளம்." கொஞ்சம் பொறுத்து, "ரூம் வாடகையும் சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்றான்.

"அப்புறம் எதுக்குடா எங்களைக் கூப்பிட்ட?" என்றாள் அக்கா.

"பணமாச் சேரமாட்டேங்குதுக்கா. ஒண்ணு சேத்தா ரெண்டு செலவு வந்து நிக்குது. போனைப் பாத்தாலே பயமா இருந்துச்சு. சரி, இந்த நாலு நாளாச்சும் நல்லாப் பாத்துக்கலாம்னு..." மேஸ்திரி பக்கம் திரும்பினான். "உங்க பணத்தை நான் மறக்கல மாமா. ஆனா இப்ப இன்னும் தள்ளிப்போகும்."

பணப் பேச்சை அவனே எடுத்துவிட்டான். அக்காவின் கை துண்டோடு அப்படியே நின்றது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தண்ணீரையே பார்த்தாள்.

மேஸ்திரி ஈர விரலை மடக்கினார். "சீலிங்கைக் கெடுத்தது நாங்க, அது எங்க செலவு. கம்பளமும் எங்க செலவு. நாலு நாள் வாடகை, சீசன் ரேட்டு. எல்லாம் சேத்தா அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. நீ தரவேண்டியதுக்கு நேராப் போச்சு."

"மாமா, எப்படிக் கூட்டினாலும் நாப்பதைத் தாண்டாதே!"

"டேய்! அவரு கூட்டும்போது குறுக்க பேசாத" என்றாள் அக்கா.

"சரி, மீதிக்கு ஒண்ணு பண்ணு. உங்க அக்கா கூப்பிட்டா போனை எடு. நான் பக்கத்துல உக்காந்திருந்தாலும் எடு."

"எத்தனை நாளைக்கு மாமா?" மச்சினனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"அதை அவகிட்ட கேளு. என் கணக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி துண்டைத் தொட்டிக்குள் பிழிந்தார்.