ஓசைப்படாத வலது கால்

"நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி தள்ளு."

"எவ்வளவு பின்னாடி அண்ணி? நீங்க பொறந்த நாள் வரைக்குமா?"

"வாயக் குறைடி. கால் தரையில படுதுல்ல, அங்க போ."

நாத்தனார் கைப்பேசித் திரையை விரலால் இழுத்தாள். குளக்கரைப் புல்லில் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். வேகம் குறைத்து ஓடிய படத்தில் அண்ணி தண்ணீருக்கடியில் நடப்பவள் போல மெல்ல மெல்ல அடி வைத்து, கையைப் பின்னால் நீட்டி, ஆரஞ்சு நிற வட்டு ஒன்றை வீசிக்கொண்டிருந்தாள். வட்டு கையை விட்டுக் கிளம்பி, தள்ளாடி, பாதிக் குளத்தில் போய்ச் சோர்ந்து விழுந்தது. படத்தைப் பார்க்காமலே அவளுக்கு அந்த முடிவு தெரியும். குளத்தின் அடியில் அவளுடைய வட்டுகளே ஒரு குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

ஆட்டம் என்னவோ எளியதுதான். கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் வட்டைச் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் சேர்த்தவர் கெட்டிக்காரர். ஆனால் இந்தப் பூங்காவின் கடைசிக் கூடைக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் குளத்தை வெட்டி வைத்துவிட்டான். நாளைக் காலை இந்த ஆட்டத்துக்கான சங்கத்தின் தலைவர் முன்னால் ஜோடியாக ஆடுகிறவர்கள் இருவருமே அதைத் தாண்டி வீசிக் காட்ட வேண்டும். காட்டினால் வெளியூர்ப் போட்டிக்குப் பயணம். ஒருத்தி தாண்டி மற்றவள் தாண்டாவிட்டால், தாண்டியவளுக்கு வேறு ஜோடி. அதற்கென்றே 'ஒட்டகம்' என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைக்காரன் ஒருவன் ஒரு வாரமாக நாத்தனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

நாத்தனார் லிஃப்ட் பழுது பார்ப்பவள். அவள் வட்டு குளத்தை மதிப்பதே இல்லை. அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கல்யாணமாகி வந்த புதிதில் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள். "உப்பு எங்க?", "அங்க" என்பதுதான் பேச்சு. இந்த வட்டு வந்த பிறகுதான் வாய் திறந்தது. அந்த இடத்தை ஒட்டகத்துக்குத் தூக்கிக் கொடுக்க அண்ணிக்கு மனசில்லை.

"கைதான் முந்துது," என்றாள் நாத்தனார், நூறாவது தடவையாக. "முன்கால் ஊணணும். அப்புறம் இடுப்பு. அப்புறம் தோள். கை கடைசியா சாட்டை மாதிரி வரணும். உங்களுக்கு பஸ் கதவு திறந்த மாதிரி எல்லாம் ஒண்ணா முட்டுது."

"தெரியுதுடி. காத்திருன்னு கைக்குச் சொல்றேன். அது கேக்க மாட்டேங்குது."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவள் இன்னும் கிட்டே குனிந்தாள். வீச்சின் உயிர்நாடியான அந்த நொடியில் அவளுடைய வலது கால் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. நுனிவிரல் தொட்டது. அப்புறம் யோசித்தது. குதிகால் இறங்கவே இல்லை.

"என்ன அண்ணி இது? பீரோவத் திறக்கப் போற திருடன் மாதிரி கால வைக்கிறீங்க?"

கால் அப்படிப் பதுங்குவதன் காரணம் அண்ணிக்குப் புரிந்தது. திருடன் இல்லை. ரொட்டிக்காரர்.

கீழ் வீட்டில் ரொட்டி சுடுபவர் குடியிருந்தார். விடியலுக்கு முன்னால் அடுப்படிக்குப் போகிறவர். பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். அண்ணி வேலை முடிந்து வந்து, கட்டிலுக்கும் பீரோ கண்ணாடிக்கும் நடுவே இருந்த சந்தில் வெறும் கையோடு வீச்சைப் பழகுவாள். முதல் நாளே கீழிருந்து துடைப்பக் கட்டையால் 'டொக் டொக்'. மறுநாளும். அவருடைய தூக்கம் பாவம் என்று அவள் காலை மெல்ல வைக்கப் பழகிக்கொண்டாள். இன்னும் மெல்ல. கட்டைச் சத்தம் நின்றதும் பெருமையாகக்கூட இருந்தது. மாதக்கணக்காக, சாயங்காலம் தவறாமல், தன் காலுக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஊன்ற இடமில்லாவிட்டால் இடுப்பு எதை நம்பித் திரும்பும்? இடுப்பு திரும்பாவிட்டால் பாவம் கை என்ன செய்யும், தானே முந்தி ஓடாமல்?

"வட்டக் குடு," என்றாள்.

"இருட்டப் போகுது அண்ணி."

"குடுன்னா குடு."

வட்டு வீசும் மேடைக்குப் போனாள். வலது கால் ஓரடி, இடது கால் அதன் பின்னால், கை பின்னால் போகிறது, முகமும் குளத்தை விட்டுத் திரும்புகிறது. இப்போது வலது குதிகாலை, கீழே யாருமே தூங்காத இந்தப் பெரிய பூமியின் மேல், ஆணி அறைவது போல ஊன்றினாள்.

'தம்' என்றது மேடை.

அந்தச் சத்தம் காலில் ஏறி, இடுப்பை உதைத்துத் திருப்பி, தோளைச் சுண்டியது. கை இன்னும் பின்னாலேயே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது காத்திருந்தது. பிறகு முழங்கை நெஞ்சோரமாய் வந்தது, மணிக்கட்டு விடுபட்டது, வட்டு போய்விட்டது. எறிந்தது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். வட்டில் தள்ளாட்டம் இல்லை. மேஜை மேல் சறுக்குவது போல நீருக்கு மேல் போனது, பாதிக் குளத்தைக் கடந்தது, நாணலைக் கடந்தது, கடைசியில் சோம்பலாக இடது பக்கம் சாய்ந்து அக்கரைப் புல்லில் இறங்கியது.

அக்கரையில் ஒரு வாத்து எழுந்து தள்ளி உட்கார்ந்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக, "ஒட்டகம் இனி பாலைவனத்துக்குப் போகலாம்."

அண்ணி சிரித்துக்கொண்டே இன்னொன்று வீசினாள். நுனிவிரல் தொட்டது, யோசித்தது; 'பொளக்' என்று வட்டு குடும்பத்தோடு சேர்ந்தது. அடுத்தது 'தம்', அக்கரை. அதற்கடுத்தது மறுபடி நீர். நினைத்தால் கால் ஊன்றியது. ஒரு கணம் மறந்தால் பழைய பயம் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும் என்றிருந்தபோது காவலாளி விசில் ஊதிக் கதவைச் சாத்த வந்துவிட்டார்.

"நாளைக்குத் தலைவர் முன்னாடி எது வரும்?" என்றாள் நாத்தனார் வண்டியைக் கிளப்பியபடி. "தம்மா, பொளக்கா?"

அண்ணி பின்னால் உட்கார்ந்து, வலது குதிகாலால் வண்டியின் கால்கட்டையை மிதித்துக்கொண்டே வந்தாள். தெருவில் பழகலாம்தான், ஆனால் கால் பயந்தது தெருவில் அல்ல. எந்தச் சந்தில் பயந்ததோ, அந்தச் சந்தில், அந்தக் கண்ணாடிக்கு முன்னால், அந்தத் தரையிலேயே அதற்குத் தைரியம் சொல்ல வேண்டும்.

மாடிப்படிக்கு வந்ததும் நாத்தனார் மேலே ஏறினாள். அண்ணி ஏறவில்லை.

"எங்க போறீங்க? ஐயோ, வேணாம் அண்ணி. மனுஷன் ரொட்டிக் கட்டையால அடிப்பார்."

"நீ பேசாம வா."

கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். ரொட்டிக்காரர் திறந்தார். தலை கலைந்திருந்தது, புருவத்தில் மாவு, ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தார், மற்றொரு பஞ்சு விரலிடுக்கில். அவருக்குப் பின்னால் படுக்கை விரித்துத் தயாராக இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க அண்ணே, தூங்கப் போற நேரம்னு தெரியும்," என்றாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, வலது குதிகால் தானாகவே தரையில் துடித்துக்கொண்டிருந்தது. "இத்தனை நாள் உங்களுக்காக நான் பூனை மாதிரிதான் நடந்தேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும், ஒரு அரை மணி நேரம், உங்க தலைக்கு மேல நான் நல்லா ஓங்கி மிதிச்சுக்கட்டுமாண்ணே?"