அன்று மதியம் அவன் எங்கே இருந்தான்

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாள் துணுக்கிலிருந்து பிறந்தது. ரகசிய முகவர் ஒருவர் சக முகவர்களின் பெயர்ப் பட்டியலை விற்றுவிட்டுத் தலைமறைவு. நாலே வரி. பதிப்பாளரிடம் சொன்னதும் குஷியாகிவிட்டார். "முதல் பக்கத்துலயே ஆளை ஓட விடுங்க மேடம். யோசிக்க நேரம் குடுத்தா வாசகன் புத்தகத்தை மூடிடுவான்."

ஓட விட்டேன்.

2

ஓடும் ரயிலின் கூரையில் அவன் நின்றான். பின்னால் துப்பாக்கியோடு இருவர். அடுத்த பெட்டிக்குத் தாவ

(தாவ மாட்டான். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே அவனுக்குக் கால் நடுங்கும்.)

இன்னொரு தொடக்கம். அலுவலகத்தில் அவனுக்கு 'ஈரத்துணி' என்று பட்டப்பெயர். எந்த அறையை விட்டுக் கிளம்பினாலும் தொட்டதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் போவான். டம்ளர், கதவுப்பிடி, சுவிட்ச். வந்துபோன அடையாளமே இருக்காது. அந்தப் பழக்கமே அவனுக்கு

இதையும் முடிக்க முடியவில்லை. ஆனால் அடிக்கவும் மனமில்லை, ஏனென்றால் இது உண்மை.

3

சரி, மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். துணுக்கிலிருந்து பிறந்தது என்றது புளுகு. அவன் என் தம்பி. நான் கதை எழுதிப் பிழைக்கிற தனிக்கட்டை. எனக்கு அவன், அவனுக்கு நான், வேறு நாதியில்லை. ஊருக்கு அவன் பெயிண்ட் விற்கிறவன். உண்மையான வேலையை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான், கூடவே ஒரு பாடத்தையும்.

"யார் வந்து கேட்டாலும், என்னைப் பார்த்து அஞ்சு வருஷம் ஆச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"உன் ஆளுங்களே வந்தா?"

"என் ஆளுங்கன்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் வருவாங்க அக்கா."

பட்டியல் திருடுபோன செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டிலிருந்து ஐந்தரை வரை, அவன் என் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். பின்னால் விசாரிக்க வந்தவர் சொன்னபடி, மூன்றேகாலுக்கு யாரோ அவனுடைய ரகசிய எண்ணைப் போட்டுப் பட்டியல் இருந்த பெட்டகத்தைத் திறந்திருக்கிறார்கள். அந்த நேரம் குழாய் பீய்ச்சியடித்து, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது வழக்கம்போல் எல்லாவற்றையும் துடைத்தான்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அந்தக் குழாய் இப்போது சொட்டுவதில்லை. சொட்டினால் வீட்டில் ஒரு சத்தமாவது இருக்கும்.)

4

வியாழக்கிழமை காலை ஒரு பெண் அதிகாரி வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"செவ்வாய்க்கிழமை உங்க தம்பி இங்க வந்தாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"பார்த்து அஞ்சு வருஷம் ஆச்சு."

கதை எழுதுகிறவள் அல்லவா, கூசாமல் வந்தது.

"அக்கா வீட்லதான் இருந்தேன்னு நேத்து போன்ல அவரே சொன்னாரே?"

போட்டு வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதையே மறுபடி சொன்னேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மனசு மாறினா கூப்பிடுங்க" என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் செய்தித்தாளில் அந்த நாலு வரி. அவன் நிஜமாகவே என்னைச் சாட்சி சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் சொன்னது அவன் காதுக்கு எட்டியிருக்கும். கோபப்பட்டிருக்க மாட்டான். சொல்லிக்கொடுத்தபடி செய்துவிட்டாளே என்று மெச்சிக்கொண்டிருப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

5

முடிவு ஒன்று: அந்த எண்ணுக்குப் பேசி உண்மையைச் சொல்கிறேன். அவன் வீடு திரும்புகிறான். (கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்தானே. தம்பிப் பாசத்தில் இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்பார்கள்.)

முடிவு இரண்டு: பட்டியலைத் திருடியதே அந்த அதிகாரிதான். அப்படியானால் நான் சொன்ன பொய்தான் அவனுடைய ஒரே சாட்சியான என்னைக் காப்பாற்றியது. (எனக்கு ரொம்ப வசதியான முடிவு. அதனாலேயே நம்ப மாட்டேன் என்கிறேன்.)

பதிப்பாளர் தினமும் கேட்கிறார், "கடைசியில என்னதான் ஆகுது மேடம்?" மூன்று மாதமாகிறது. எண் எழுதிய தாள் மேசை மேலேயே இருக்கிறது.

அதனால் இதைக் கதை என்று போட்டே கொடுக்கிறேன். கதையை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அன்று மதியம் அவன் எங்கே இருந்தான் என்பது இதுவரை எங்கள் இருவருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். உங்கள் கதவையும் யாராவது தட்டலாம். தண்ணீர் கொடுத்து உட்காரவையுங்கள். அவர்கள் கேட்பார்கள். நீங்கள்