பட்டன் போட்டுவிட்ட கை

1
இக்கதை ஒரு சட்டையிலிருந்து தொடங்கியது. கோவையில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். என்னுடையது பதினைந்தாம் டோக்கன். ஸ்கேன் அறையிலிருந்து வந்த பதினான்காம் டோக்கன்காரருக்கு அவருடைய மகள் சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். நான் கண்டது இது; காதில் விழுந்ததைப் பின்னர் சொல்கிறேன். பெயர்களும் எஞ்சியவையும் என் கற்பனை.

2
முதல் தொடக்கம்: ‘நஞ்சுண்டனின் விரல்கள் சொல் கேளாத பிள்ளைகளைப் போல…’

வேண்டாம். உவமையால் நோயாளிக்குப் பயனில்லை.

இரண்டாம் தொடக்கம்: நஞ்சுண்டனுக்கு ஐம்பத்தாறு வயது. கோவையின் கணபதிப் பகுதியில் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுபவர். ஆறு மாதங்களாக விரல்கள் மரத்துப்போகின்றன. கழுத்தில் நரம்பு நசுங்குகிறது, உடனே அறுவை செய்யாவிட்டால் கை மீளாது என்று ஓர் அறுவை மருத்துவர் கூறிவிட்டார். அம்மருத்துவர் சென்னகேசவன், நஞ்சுண்டனுடைய மைத்துனரின் மகன். எனவே, வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க வந்திருப்பது உறவில் எவருக்கும் தெரியாது.

“கேசவனுக்குத் தெரிஞ்சா மூஞ்சி குடுத்துப் பேசுவானா, அம்மணி?”

“அவருக்கு மனசு நோகும்னு கையை உட்டுப்போட முடியுங்களாப்பா?”

“ஆபரேசன் வேண்டாம்னு மட்டும் இவரு சொல்லட்டும். போற வழியில உனக்கு ஐஸ்கிரீம்.”

“எனக்கு இருவத்தாறு வயசுங்கப்பா,” என்றாள் வர்ஷினி.

3
மருத்துவரின் அறைக்குள் சென்றார்கள். கதவு முழுவதும் மூடவில்லை. இனி வருவது என் காதில் விழுந்தது.

“கை எப்படி இருக்குதுங்க?”

“பரவால்லைங்க.”

[குறிப்பு: இவ்வூரில் இவ்விடை உடல்நிலை பற்றிய தகவலன்று, கேட்டவரைச் சிரமப்படுத்தலாகாது என்னும் மரியாதை. மருத்துவரின் தாளில் மரியாதைக்குத் தனிக் கட்டம் கிடையாது.]

“ஸ்கேன்ல அழுத்தம் தெரியுது. கை வேலை கெடலைன்னா மூணு மாசம் பொறுத்துப் பார்க்கலாம். கெட்டிருந்தா தள்ளிப்போடக் கூடாது. சட்டைக்குப் பட்டன் நீங்களே போடறீங்களா?”

“போடறனுங்க.”

[மருத்துவர் கையைச் சோதித்திருப்பாரே என்று கதையின் வரைவைப் படித்த நண்பர் ஆட்சேபித்தார். சோதித்திருக்கலாம். நஞ்சுண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் விரலை இறுக்கிப் பிடித்திருக்கலாம்.]

நஞ்சுண்டனைக் கோழை என்று எழுதி அடித்தேன். பணிவானவர் என்று எழுதி அதையும் அடித்தேன். அறுவைக்கு அஞ்சுபவருக்குப் பணிவு கைகொடுக்கிறது என்பதே இப்போதைக்கு நிற்கிறது.

4
முடிவு (அ): வர்ஷினி பேசுகிறாள். “பொய்யுங்க டாக்டர், நான்தான் போட்டுவுட்டேன்.” அந்நியர் ஒருவர் முன்னால் அப்பா தலைகுனிகிறார். கை ஒருவேளை பிழைக்கிறது.

முடிவு (ஆ): அப்பாவைப் பொய்யர் ஆக்க மனமின்றி அவள் பேசாதிருக்கிறாள். ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். மூன்று மாதங்கள் கழித்து, செப்புக் கம்பி அவர் விரல்களில்…

இவ்வாக்கியத்தை என்னால் முடிக்க இயலவில்லை.

5
ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியனின் மௌனத்தை உத்தி என்று விளக்கி வந்திருக்கிறேன். அன்று என் மௌனம் உத்தியாக இல்லை. “போடறனுங்க” என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது. அது பொய்யென்றும் தெரியும். அப்போது யாரோ கதவைச் சாத்தினார்கள். தாழிடும் ஓசை கேட்கவில்லை. நான் எழுந்து தட்டியிருக்கலாம். பதினைந்தாம் டோக்கனின் பின்புறத்தில் இக்கதையின் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டனைப் போட்டது யாரென்று இப்போது உங்களுக்கும் தெரியும்.